பதினோராவது வெடி

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே போய், சமஸ்தானத்து எல்லையைத் தாண்டி, திருநெல்வேலிச் சீமை ரோட்டோடு சேருகிற பெரிய ரோட்டுக்கு சிமெண்ட் போடுவதென்று தீர்மானமானபோது, அதைப் பற்றி ரத்னாபாயிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு சர்க்கார்கள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டன. கடன் வாங்கினார்கள். படம் வரைந்தார்கள். வளைவுகளை நிமிர்த்தினார்கள். பெரிய மனிதர்களின் தென்னந்தோப்பு குறுக்கே வந்த இடங்களில், நிமிர்த்தியதைத் திரும்பவும் வளைத்தார்கள். இத்தனையும் முடிந்து அந்த ரோடு கடைசியில் பள்ளிச்சலுக்குக் கிழக்கே ஒரு பாறைக்கு முன்னால் வந்து நின்றது. ரோட்டுக்கு ஜல்லி வேண்டும். ஜல்லிக்குப் பாறை உடைய வேண்டும். பாறை உடைய ஞானையன் வேண்டும்.

ஞானையன் ரத்னாபாயின் புருஷன். வெடிக்காரன். பாறையில் உளியடித்து இறக்குகிற குழிக்குத் தமர் என்று பெயர். தமருக்குள் மருந்தைக் கெட்டித்து, திரி வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கொளுத்திவிட்டு ஒதுங்குவது அவன் வேலை. மற்ற வெடிக்காரர்கள் கொளுத்திவிட்டு ஓடுவார்கள். இவன் ஓடமாட்டான். சபையில் காணிக்கைத் தட்டு ஏந்தி வருகிறவனைப் போல நடந்துதான் வருவான்.

"ஓடினா கால் தெத்தும். தெத்தினா விழுவேன். நான் எழும்புகது வரைக்கும் திரி காத்துக் கெடக்குமா?" என்பான்.

பதினெட்டு வருஷத்தில் அவனுக்கு ஒரு நகம் போனதில்லை.

ரத்னாபாய் அதே பாறையில் ஜல்லி உடைத்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தவள். தமிழும் மலையாளமும் வாசிப்பாள், எழுதுவாள். பக்கத்தில் உட்கார்ந்து கல்லுடைக்கிற பொன்னம்மைக்கு இது தீராத வேடிக்கை.

"டீச்சரம்மா மாதிரி பேரு. கையில சம்மட்டி. ஒனக்குப் பேரு வச்ச பாதிரி இத பாத்தாருன்னா நெஞ்சு பொட்டிச் செத்துப் போவாரு."

"பேரு வச்சது எங்க அப்பன். பாதிரி தண்ணி தெளிச்சதோட சரி."

"அப்பன் தெளிவாத்தான் வச்சிருக்காரு. கெட்டிக் குடுத்ததுதான் தெளியாம செய்துட்டாரு."

ஞானையன் இதைக் கேட்டால் சிரிப்பான். பொன்னம்மைக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

எழுத்துத் தெரிந்தவள் என்பதால் வெடி எண்ணுகிற வேலையும் ரத்னாபாய்க்கு வந்து சேர்ந்தது. உண்மையில் அதற்கு எழுத்தே வேண்டாம். எத்தனை திரி கொளுத்தினான் என்று ஞானையன் விரலைக் காட்டுவான். அவள் வளைவுக்கு இந்தப் பக்கம் கொல்லாமரத்தடியில் உட்கார்ந்து, அத்தனை பொடிக்கற்களை மடியில் போட்டுக்கொள்வாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கல்லை எடுத்து வெளியே எறிவாள். மடி காலியானால் "தீந்து" என்று சத்தம் கொடுப்பாள். மடியில் ஒரு கல் மிஞ்சினால் எங்கோ ஒரு தமர் வெடிக்காமல் கிடக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குச் சாயங்காலம்வரை யாரும் பாறைப்பக்கம் போகக்கூடாது. மடி காலியானாலும்கூட ஞானையன் உடனே போகமாட்டான். ஒரு பீடி பிடித்து, இன்னொரு பீடியும் பிடித்துவிட்டுத்தான் எழும்புவான்.

அந்தப் பாறையில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அடிவாரத்தில், ரோட்டோரமாக ஒரு சின்னச் சாஸ்தா கோயில். போகிற வருகிற வண்டிக்காரர்களும் பஸ்காரர்களும் வழித்துணைக்கு அங்கே ஒரு வெடி வழிபாடு செய்துவிட்டுப் போவார்கள். கதினாக் குழாயில் மருந்தை இடித்து வைக்கிற ஒரு கிழவர், ஆள் பேரைச் சொல்லித் தீ வைப்பார். மலை அதிரும். பாறையில் வேலை ஆரம்பித்த முதல் வாரமே ஞானையன் கிழவரைப் போய்ப் பார்த்தான். உச்சப் பூஜை முடிந்து நடை அடைத்த பிறகுதான் பாறையில் வெடி. சாயங்காலம் நடை திறக்கும் வரை கோயிலில் வெடி இல்லை. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு இரண்டு வெடிக்காரர்கள் பேசிக்கொண்டது. எட்டு மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

காண்ட்ராக்டர் ஆறுமுகப்பெருமாள் ஆரியசாலையில் கம்பியும் சிமெண்டும் மொத்த வியாபாரம் செய்கிறவர். பக்திமான். எந்த வேலையையும் சாமிக்கு ஒன்று செய்யாமல் தொடங்கமாட்டார். மீன மாதத்தில் இரண்டு பக்கத்துப் பெரிய உத்தியோகஸ்தர்களும் எல்லைவரை காரில் போய்ப் பார்ப்பதாக நாள் குறித்திருந்தார்கள். கான்கிரீட் போட்டு, ஈரச்சாக்கு மூடி, இருபத்தொரு நாள் நனைத்த பிறகுதான் அதன்மேல் கார் ஏறலாம். பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தால், அதற்கு முந்தின கும்ப மாதத்தில் பாதி ஆவதற்குள் ஜல்லி முழுவதும் வந்து தீர வேண்டும். அவர் காரிலிருந்து இறங்காமலே ஒரு நாள் ஞானையனைக் கூப்பிட்டார்.

"ஓய், ஒம்ம பெண்டாட்டி எண்ணுகது சரியா இருக்குல்லா?"

"சரியா இருக்கு முதலாளி."

"பின்ன ரெண்டு பீடி எதுக்கு? எண்ணிக்கை சரின்னா எழும்பிப் போகும். ஒம்ம பீடிக்கு ரோடு காத்துக் கெடக்காது."

அன்றிலிருந்து பீடி நின்றது. ரத்னாபாய் வீட்டில் வைத்து இதைப் பற்றி முணுமுணுத்தாள். "ஒனக்கு எண்ணத் தெரியும்னு முதலாளிக்கே நம்பிக்கை, எனக்கு இருக்காதா?" என்று அவன் கேட்டான். அதோடு அவள் முணுமுணுப்பை நிறுத்தினாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வாய் கசந்தது.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டு கும்பம், ஒரு சனிக்கிழமை. பதினொரு தமர். ஞானையன் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலைக் காட்டினான். பதினொரு கல் அவள் மடியில். வெடிகள் தொடங்கின. இரண்டு சேர்ந்து வெடித்தால் அந்தச் சத்தத்தின் கனம் வேறு என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒன்று ஒன்றாக வந்தன. பத்து கல் போயிற்று. மூச்சு இழுத்து விடுகிற நேரம் சும்மா இருந்தது. பிறகு ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் பாறைக்குள்ளிருந்து வந்தது போல இல்லை. ஆகாயத்தில் வைத்து அடித்தது போல இருந்தது. உட்கார்ந்திருந்த தரை அதிரவில்லை. அவள் கல்லை எடுத்தாள், எறியவில்லை.

மறைவிலிருந்து ஞானையன் கூப்பிட்டான். "என்னட்டி, தீந்துதா?"

மடியில் ஒன்றுமில்லை. கையில் ஒன்று இருந்தது. ஜல்லி ஏற்ற வந்த மூன்று லாரிகள் கீழே நின்றன. உடைப்புக்காரர்கள் கூடையோடு எழுந்து நின்றார்கள். கதினா என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. நடை அடைத்த நேரத்தில் கதினா கிடையாது, எட்டு மாதமாகக் கிடையாது. பதினொன்று என்றால் பதினொன்று. அவள் கல்லை எறிந்தாள்.

"தீந்து."

அவன் எப்போதும்போல முதலில் போனான், எப்போதும்போல நடந்துதான் போனான். பதினோராவது தமர் அதற்குப் பிறகு வெடித்தது.

பெட்டியைத் திறக்காமலே கல்லறைக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் பொன்னம்மை வந்தாள். வாசலில் உட்கார்ந்து வெகு நேரம் அழுதாள். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"மக்கா, நீ பெசகா எண்ணல்ல. நான் கஞ்சித்தண்ணி எடுக்கக் கீழ போயிருந்தேன்லா. முதலாளி காரு கோயில் நடையில நிக்குது. வெடி வைக்கச் சொல்லுகாரு. கெழவரு ஆகாதுன்னாரு. மலையில வெடி நேரமாக்கும், ஞானையன் கிட்ட வாக்கு சொல்லிருக்கேன்னாரு. முதலாளி சொல்லுகாரு, மலையே என் மலையாக்கும் ஓய், வேலை விக்கினமில்லாம தீரணும்னு ஒரே ஒண்ணு வையும்னு. கெழவரு என்ன செய்வாரு, வச்சாரு."

சர்க்கார் விசாரணை ஒன்று வரப்போகிறது என்று ரத்னாபாய்க்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"இத நீ விசாரணையில வந்து சொல்லுவியா?"

பொன்னம்மை தலைகுனிந்தாள். "துலா மாசத்துல மகாராஜா உத்தரவு போட்ட பெறவுதான் எங்களக் கோயிலுக்குள்ள விட்டாவ. நாலு மாசம் ஆகல்ல. அந்தச் சாஸ்தாவ நான் கிட்ட நின்னு பாத்தது நாலு தடவ. நான் போயி, கோயில் வெடியால ஆளு செத்துதுன்னு சொன்னா, என்னப் பின்ன எங்க நிறுத்துவாவ? எங்கிட்ட அது மட்டும் கேக்காத, மக்கா."

ரத்னாபாய் கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றாக ஆகிவிட்டது. மாமியார் பகலெல்லாம் வருகிறவர்களிடம், "அஞ்சு கிளாசு படிச்சவ, பதினொண்ணு வரை எண்ணத் தெரியாமப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சபையில் பெண்கள் இவளுக்குப் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ரோடு வேலை ஆபீசிலிருந்து வந்த முதல் காகிதத்தில், வெடிக்காரனின் அஜாக்கிரதை என்று கண்டிருந்தது. அந்த வெடி ஒரு காகிதத்தில் ஏற வேண்டும். பதினொரு சத்தம் கேட்டது, அதில் ஒன்று பாறையுடையதல்ல என்று சர்க்கார் மையில் இருக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

காண்ட்ராக்டர் துக்கம் கேட்க வந்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தார்.

"ஒனக்கு ஜோலிக்குக் கொறவு வராது, பிள்ளே. நான் இருக்க வரைக்கும் நீ பட்டினி கெடக்காண்டாம்."

"முதலாளி அண்ணைக்கிக் கோயில்ல வெடி வச்சாவளா?"

அவர் மேல்துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "நல்லதுக்கு வச்சது. ஞானையனுக்கும் சேத்துத்தான் வச்சேன். பாறையில நிக்கப்பட்ட அத்தன பேருக்கும் சேத்து."

"நல்லதுக்கு வச்சதுன்னே எழுதிக் குடுங்க. எந்நேரம் வச்சதுன்னும் எழுதிக் குடுங்க."

அவர் எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "சாமி காரியத்துல கை வைக்காத, கேட்டியா."

விசாரணை கரமனையில் நடந்தது. ரோடு வேலைக்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். சுவர் நிறைய ரோட்டின் படம் நீளநீளமாகத் தொங்கியது. விசாரிக்க வேண்டிய என்ஜினீயர் எல்லைப்பக்கம் போயிருந்ததால், வாக்குமூலம் எழுத ஹெட் கிளார்க் கல்யாணராமன் இருந்தார். ஸ்ரீவராகத்து அக்ரகாரத்துக்காரர். ஐம்பது வயது. மெதுவாகப் பேசுகிறவர்; அவளுக்கு உட்கார ஒரு பெஞ்சு போடச் சொன்னார்.

"நோக்கு எண்ணத் தெரியுமோ?"

"அஞ்சாங்கிளாஸ் வரை படிச்சிருக்கேன், சார்."

"அதைக் கேக்கலை. எண்ணத் தெரியுமோன்னு கேட்டேன்."

"தெரியும்."

"அன்னைக்கு என்ன நடந்துதுன்னு சொல்லு. பயப்படாதே."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நிறுத்தப்பட்ட பீடியை, கிழவரோடு இருந்த ஏற்பாட்டை, நடை அடைத்த பிறகு காண்ட்ராக்டர் வைக்கச் சொன்ன கதினாவைச் சொன்னாள். பிறகு யாருக்கும் சொல்லாத ஒன்றையும் சொன்னாள்: அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது, தரை அதிரவில்லை, கல்லை உடனே எறியாமல் கையில் வைத்திருந்தேன், பிறகு எறிந்தேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தான் முழுசாகச் சொன்னால் அவர்களும் முழுசாக எழுதுவார்கள் என்று அவள் நம்பினாள்.

சொல்லும்போது பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பீடி என்றபோது அது நின்றது. கிழவர் என்றபோதும் கதினா என்றபோதும் அது காகிதத்துக்கு மேலே சும்மா நின்றது. கல்யாணராமன் அனுதாபத்தோடு தலையை மட்டும் ஆட்டினார். கையில் வைத்திருந்த கல்லுக்கு வந்தபோது பேனா இறங்கி, நிற்காமல் ஓடியது.

"சரி. வாசிச்சுக் காட்டறேன். கேட்டுட்டு ஒரு ரேகை வச்சுடு."

"தாங்க சார், நானே வாசிக்கிறேன்."

"மலையாளமாக்கும்."

"தெரியும்."

அவர் தயங்கிவிட்டுக் காகிதத்தைக் கொடுத்தார். அழகான எழுத்து. வெடிகளை எண்ணும் பொறுப்பு தன்னிடம் இருந்ததென்றும், கடைசிச் சத்தத்தில் தனக்குச் சந்தேகம் உண்டாயிருந்தும் அதை வெளியில் சொல்லாமல் "தீர்ந்தது" என்று கூவியதாகவும், அதை நம்பிப் போன புருஷன் இறந்ததாகவும் அவளே சொல்வதுபோல் இருந்தது. ஒரு வரிகூடப் பொய் இல்லை.

"கோயில் வெடி எங்க சார்?"

கல்யாணராமன் எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதோ பாரு, நான் சொல்றதைக் கேளு. கோயில் எல்லாருக்கும் தொறந்து நாலு மாசம் ஆகலை. ஊர் எப்படி இருக்குன்னு நோக்கே தெரியும். நீ வேதக்காரி. சாஸ்தாவுக்கு வச்ச வெடி ஒரு கிறிஸ்தியானியைக் கொன்னுடுத்துன்னு நான் சர்க்கார் கடலாசுல எழுதினா, நாளைக்கு உங்க சபையிலேர்ந்து ஒரு கூட்டம், எங்க பக்கத்துலேர்ந்து ஒரு கூட்டம். ரோடு நின்னுடும். யாருக்கு லாபம்?"

"சாஸ்தா கொன்னாருன்னு நான் சொல்லல்ல சார். சாஸ்தாவுக்கு நேரம் தெரியும். நட அடச்சாச்சுன்னு அவருக்குத் தெரியும். முதலாளிக்குத்தான் தெரியல்ல."

"வாயடிக்காதே."

"உள்ளதத்தான் சொல்லுகேன்."

"சாட்சி உண்டோ?"

அவள் பொன்னம்மையின் பெயரைச் சொல்லவில்லை. "நான்தான் சாட்சி. நான் கேட்டேன்லா."

"நீ கேட்டது ஒரு சத்தம். அது எங்கேர்ந்து வந்துதுன்னு அப்போ நோக்குத் தெரியலைன்னு நீயேதான் சொன்னே." இதைச் சொல்லும்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. "கையெழுத்துப் போட்டுட்டுப் போ, அம்மா. உன் ஜோலியாவது மிஞ்சும்."

ரத்னாபாய் மேஜையிலிருந்து பேனாவை எடுத்தாள். வாக்குமூலத்தின் கடைசி வரிக்குக் கீழே மீதியிருந்த இடத்தில், அவர் எழுதிய அதே மலையாளத்தில் எழுதினாள்: 'பதினோராவதாகக் கேட்டது கோயில் கதினா. நடை அடைத்த பிறகு அதை வைக்கச் சொன்னது காண்ட்ராக்டர் ஆறுமுகப்பெருமாள். எனக்குச் சந்தேகம் வந்தது உண்மை. எண்ணிக்கை தப்பவில்லை.' அதன் கீழே தன் பெயரை முழுசாக எழுதினாள்.

கல்யாணராமன் தடுக்கவில்லை. மை ஒற்றுகிற தாளை எடுத்து அவள் எழுத்தின்மேல் வைத்துப் பதமாக அழுத்தினார். "கையெழுத்து நன்னா இருக்கு," என்றார்.

அவள் வெளியே வந்து கரமனை ஆற்றுப் பாலம் வரை நடந்தாள். அந்தப் பன்னிரண்டு நாளில் முதல்முறையாக அன்று ராத்திரி தூங்கினாள்.

மீனத்தில் குறித்த நாளில் கார்கள் போயின. பள்ளிச்சலில் ரோட்டின் இரண்டு பக்கமும் குருத்தோலை கட்டியிருந்தார்கள். பாறைக்காரர்களுக்கு அன்றைக்கு லீவு கொடுத்து, ஆளுக்கொரு பொட்டலம் சர்க்கரையும் கொடுத்தார்கள். ரத்னாபாய் வாங்கப் போகவில்லை. பொன்னம்மை அவள் பங்கையும் வாங்கிக்கொண்டு வந்து, கொடுக்கத் தைரியமில்லாமல் வாசல் படலை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். எறும்பு தின்றது.

மறு வாரம் விசாரணை தீர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நகல் வேண்டுமென்றால் ஆபீசில் வந்து வாங்கிக்கொள்ளலாம். அந்த நாலு வரியைப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் காலையிலேயே கிளம்பினாள். சுவரிலிருந்த படங்களைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிவைத்திருந்தார்கள். கல்யாணராமன் மட்டும் அதே மேஜையில் இருந்தார். அவளைக் கண்டதும், வரச்சொல்லிக் காத்திருந்தவரைப் போல ஒரு கட்டிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

முதல் பக்கத்தில் தீர்ப்பு: எண்ணியவளின் கவனக்குறைவும் இறந்தவனின் அவசரமும். இரண்டாம் பக்கத்தில் அவள் வாக்குமூலம். கையில் வைத்திருந்த கல் வரை ஒரு எழுத்து மாறவில்லை. அதற்குக் கீழே அவளுடைய நாலு வரி இல்லை. புதிதாகப் பிரதி செய்திருந்தார்கள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை. பக்கத்தில், 'ரத்னாபாய், எழுத்தறியாதவள், வாசித்துச் சொல்லிக் கேட்டுச் சம்மதித்து வைத்தது.'

அவள் அந்த ரேகையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். கல்லுடைக்கிறவர்களின் பெருவிரலில் ரேகை மிஞ்சாது. தேய்ந்து, சில்லுப் பட்டு, நகக்கண்வரை வெடித்திருக்கும். இது ஒரு கோடுகூடக் கலையாமல், சுழித்துச் சுழித்து, சுத்தமாக இருந்தது.

"இது யாரு வெரல் சார்?"

"இங்கே எத்தனையோ பேர் வரா, போறா." மேஜைமேல் இருந்த இடது கையை அவர் மடிக்கு இறக்கிக்கொண்டார். வலது கையால் ஒரு ரிஜிஸ்டரையும் மைத்தட்டையும் அவள் பக்கம் தள்ளினார். "நகல் வாங்கிண்டதுக்கு இதுல ஒரு ரேகை வச்சுடு. பேனா வேண்டாம், கேட்டியோ. ரெண்டும் ஒத்துப்போகணும்."

அவள் காகிதத்தை அதன் மடிப்பிலேயே மடித்து, மேஜைமேல் திரும்ப வைத்தாள்.

"எனக்கு வேண்டாம் சார். இதுல எழுதியிருக்கப்பட்டவ என்னைக்காவது வந்தா, அவ கையில குடுங்க."